இரண்டு விசிலுக்குத் தண்ணீர்

என் மாமனார் பஸ் டிரைவராக இருந்தவர். விசில் கேட்காமல் வண்டியை எடுத்ததும் இல்லை, விசில் கேட்காமல் நிறுத்தியதும் இல்லை என்பது அவருடைய ஒரே பெருமை. கல்யாணம் பேசப் போன அன்றைக்கே இதைச் சொல்லிவிட்டார். நான் பெண்ணைப் பற்றிக் கேட்டேன், அவர் பிரேக்கைப் பற்றிப் பேசினார். ரெண்டு விசில் வந்தால் கிளம்ப வேண்டும், ஒரு விசில் வந்தால் நிறுத்த வேண்டும், நடுவில் டிரைவர் தன் சொந்த மூளையை உள்ளே நுழைக்கக் கூடாது. மாமாவின் வாழ்க்கைத் தத்துவம் இவ்வளவுதான்.

அந்த விசிலை அடித்தவர் கண்டக்டர். இருவரும் ஒரே பஸ்ஸில் ஒரே ரூட்டில் தலை நரைக்கும்வரை ஓடினார்கள். இன்றைக்கும் ஒருவரையொருவர் 'டிரைவரே', 'கண்டக்டரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். மாமாவின் பெயர் கண்டக்டருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

அந்த ரூட்டில் ஒரு வளைவு உண்டு. வளைவின் இடதுபக்கம் பருத்தி நிலம். காய் வெடித்து நிலம் முழுக்க வெள்ளையாக நிற்கும் மாதங்களில் மாமா அங்கே வந்ததும் வண்டியை மெதுவாக்கிவிடுவார். நிறுத்தத்தானே விசில் வேண்டும், மெதுவாக்க வேண்டாமே! பின்னாலிருந்து ஜனங்கள் கத்துவார்கள். இவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஓய்வு பெற்ற கையோடு அந்த நிலம் விலைக்கு வந்தது. அடித்துப் பிடித்து வாங்கிவிட்டார், நிலத்தை ஒட்டியிருந்த வீட்டோடு சேர்த்து. கண்டக்டர் அடுத்த தெருவுக்குக் குடிவந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "முன்படி போற இடத்துக்குத்தானே பின்படியும் போகணும்?" என்றார்.

முதல் வருஷச் சாகுபடி ஊத்திக்கொண்டது. காரணம் மாமாவின் நேரம் தவறாமை. ஊரில் யாரும் விதைக்கும் முன்பே தான் விதைத்தாக வேண்டும் என்று, மண் நனையுமுன்பே விதையைப் போட்டுவிட்டார். மழை லேட். விதை வறுபட்டுப் போனது. "நான் கரெக்ட் டைமுக்கு வந்தேன், மழைதான் வரல" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டார். அத்தை தையல்காரர். வாசல் அறையில் மெஷின் போட்டு ஊர் முழுக்கத் தைத்துக் கொடுப்பவர், அளவு தவறினால் பொறுக்காதவர்.

"இன்னும் ஒரே ஒரு பருவம். பஞ்சு இந்த வீட்டுக்குள்ள வந்தா இங்க இருப்போம். வரலைன்னா நிலத்தக் குடுத்துட்டு பையன் வீட்டுக்குக் கிளம்பறோம். அங்க லிஃப்ட் இருக்கு, குழாயத் திறந்தா தண்ணி இருக்கு. அப்புறம் நீங்க வாயத் திறக்கக் கூடாது."

சொன்னதோடு விடவில்லை. பச்சைப் பெட்டி ஒன்றில் இருவர் துணியையும் மடித்து வைத்து, வாசற்கதவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். மாமா வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அதில் கால் கட்டைவிரலை இடித்துக்கொள்வார். ஒவ்வொரு இடிக்கும் முகம் சின்னதாகிவிடும். வருஷக்கணக்காக ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்து பார்த்து ஏங்கிய நிலத்தை, வாங்கிய சூட்டில் விட்டுப் போவதை நினைத்தாலே அந்த மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. இது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும், பெட்டிக்கும் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் நான் எங்கே வருகிறேன் என்றால், நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் லென்ஸ் இருக்கிறது. அது போதாதா! கடைக்கு லீவு விடுகிற ஒரே நாளில் மனுஷன் தூங்குவானா, பருத்தி இலையைத் திருப்பிப் பூச்சி பார்ப்பானா? நான் பூச்சி பார்த்தேன். "மாப்பிள்ளை, கண்ணு டாக்டர் நீங்க, நீங்க பாத்தா தப்பாது" என்று மாமா ஐஸ் வைப்பார். நான் கண் டாக்டர் இல்லை, ஃபிரேம் மாட்டுகிறவன் என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது.

இந்தத் தடவை மாமா மழைக்குக் காத்திருந்தார். விவசாய ஆபீசர் ஒரு பெண், ஸ்கூட்டரில் வருவார், எதற்கும் கலகலவென்று சிரிப்பார். அவர் மண்ணைப் பிசைந்து பார்த்து "இப்ப போடுங்க" என்றதும், வரப்பில் நின்ற கண்டக்டர் விசிலை வாயில் வைத்து ரெண்டு அடி அடித்தார். கூலிக்கு வந்த பெண்கள் பயந்து விதையைக் கீழே போட்டுவிட்டார்கள். போட்ட இடத்திலேயே அது முளைத்தும் விட்டது, அந்த மூலையில் மட்டும் கொத்துக் கொத்தாக.

குழிக்கு ரெண்டு விதை போட்டு, முளைத்த பிறகு நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். மாமாவால் பிடுங்க முடியவில்லை. ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார், நகர்கிறார்.

"ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, கண்டக்டரே. எதை எறக்கி விடறது?"

"ஒரு சீட்டுக்கு ஒரு ஆளுதான், டிரைவரே. நீங்க முன்னாடி பாத்து ஓட்டுங்க, உள்ள நடக்கிறத நான் பாத்துக்கறேன்" என்ற கண்டக்டர், மாமாவைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, வரிசையாகப் பிடுங்கிக்கொண்டே போனார். ஒவ்வொன்றிடமும் "அடுத்த வண்டியில வா" என்று வேறு சொன்னார்.

செடி முழங்காலுக்கு வந்து மொட்டு வைத்தது. ஒருநாள் காலை, கடையில் ஒருவர் மூக்கில் ஃபிரேமை வைத்து அளந்துகொண்டிருந்தேன். மாமாவிடமிருந்து போன்.

"மாப்பிள்ளை, போச்சு. எல்லாம் போச்சு. நேத்து வெள்ளையா பூத்த பூ இன்னைக்கு ரோஸ் கலராயிடுச்சு. ஏதோ சீக்கு. லென்ஸ எடுத்துட்டு ஓடி வாங்க!"

கடையைச் சாத்திவிட்டு ஓடினேன். ஆபீசருக்கும் சொல்லியிருந்தார், அவரும் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். பூவைப் பார்த்தார். வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயா, பருத்திப்பூ முதல் நாள் வெளுப்பா இருக்கும், மறுநாள் செவக்கும். அப்புறம் உதிர்ந்து காய் பிடிக்கும். இது சீக்கு இல்ல, நல்ல சேதி."

"செவக்கறதுதான் நல்ல சேதியா?" என்ற மாமாவின் முகமும் அந்தப் பூவின் நிறத்துக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷம் அந்த வளைவில் வெடித்த பஞ்சை மட்டும்தான் பார்த்திருக்கிறார். பூக்கிற காலத்தில் வண்டியை வேகமாக ஓட்டியிருக்கிறார், பாவம். அன்று மத்தியானம் முழுக்க வரிசை வரிசையாகப் போய்ச் சிவந்த பூவைத் தேடி, கண்டுபிடிக்கும்போதெல்லாம் தன்னந்தனியாகக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம்தான் வந்தது வினை.

தண்ணீர் பாய்ச்சுவதற்கு அவர்கள் இருவரும் ஒரு முறை வைத்திருந்தார்கள். மோட்டார் ஒரு கோடியில், மாமா அங்கே சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். கண்டக்டர் மறுகோடியில். அங்கிருந்து ரெண்டு விசில் வந்தால் மோட்டார் ஓடும். கடைசி வாய்க்காலைத் தண்ணீர் தொட்டதும் ஒரு விசில், மோட்டார் நிற்கும். பருத்திக்குத் தண்ணீர் காட்டினால் போதும், தேங்கக் கூடாது. பல தடவை கச்சிதமாக நடந்த ஏற்பாடு இது.

கண்டக்டர் சிகரெட்டை விட்டபிறகு எந்நேரமும் மிட்டாய் சப்புகிறவர். மிட்டாயும் விசிலும் ஒரே சட்டைப் பையில். அன்று வெயில் கொளுத்தியது. ரெண்டு விசில் அடித்து மோட்டாரை ஓடவிட்டு, விசிலைப் பையில் போட்டார். பையில் மிட்டாய் உருகிக் கிடந்தது. தண்ணீர் கடைசி வாய்க்காலுக்கு வந்தபோது விசிலை எடுத்து ஊதினால் 'புஸ்' என்கிறது. உள்ளே இருக்கும் உருண்டை பாகில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊதுகிறார், உறிஞ்சுகிறார், தட்டுகிறார். வாய் இனித்ததே தவிர சத்தம் வரவில்லை.

துண்டைக் கழற்றி வீசினார். மாமா அதைப் பார்த்தார். சந்தோஷத்தில் வீசுகிறார் என்று நினைத்து, தானும் தன் துண்டைக் கழற்றி வீசினார். கண்டக்டர் குதித்தார். மாமாவும் குதித்தார். வாசலில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த அத்தை, "ரெண்டு பேருக்கும் வெயில் ஏறிடுச்சு" என்று உள்ளே போய்விட்டார். கண்டக்டர் குறுக்கே ஓடி வரலாம் என்று நிலத்தில் இறங்க, சேறு முழங்கால்வரை உள்ளே இழுத்துக்கொண்டது. அங்கேயே நின்று கத்தினார். மோட்டார் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கடைசியில் கரண்ட் போனதால் மோட்டார் நின்றது. அதற்குள் நிலம் குளமாகிவிட்டது.

"கண்ணால பாத்தீங்கல்ல, தண்ணி நிக்குதுன்னு? நிறுத்த வேண்டியதுதானே!" என்றார் கண்டக்டர், சேற்றிலிருந்து இழுத்து எடுக்கப்பட்டபோது.

"விசில் வரல" என்றார் மாமா.

"மனுஷனுக்கு அறிவு வேணாம்?"

"விசில் வரல, கண்டக்டரே. விசில் வராம நான் நிறுத்தினது கிடையாது. உங்களுக்கே தெரியும்."

"இனிமே உங்க வண்டிக்கு வேற ஆள் பாத்துக்கங்க" என்று கண்டக்டர் ஒரு கால் செருப்போடு நடந்து போய்விட்டார். மற்றது சேற்றுக்குள் தங்கிவிட்டது.

இரண்டொரு நாளில் மொட்டெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. இலை மஞ்சளாயிற்று. அத்தை பச்சைப் பெட்டியின் மேல் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தார். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். மாமா அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எனக்கு உண்மையிலேயே மனம் கனத்துவிட்டது. சதா குறும்புப் பையன்போலக் குதித்துக்கொண்டிருந்த மனுஷனை அப்படிப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆபீசர் வந்து, தேங்கிய தண்ணீரை வரப்பு வெட்டி வடியவிடச் சொன்னார். "பயப்படாதீங்க. பருத்தி சுலபத்துல சாகாது, திரும்ப மொட்டு வைக்கும். ஆனா நீங்க சும்மா இருக்கணும்."

மாமாவுக்குச் சும்மா இருக்க வருமா? செடி இளைத்துவிட்டதே என்று யாருக்கும் தெரியாமல் யூரியாவை அள்ளிப் போட்டார். செடி விறுவிறுவென்று மார்பளவுக்கு ஏறியது. இலை கரும்பச்சை, கிளை நீளநீளம், பார்க்கக் கண்கொள்ளாத காட்சி. மொட்டு மட்டும் மருந்துக்கும் இல்லை. இந்தத் தடவை ஆபீசர் சிரிக்கவில்லை.

"இது இலைக்குத்தான் போகுது, காய்க்கு வராது. நுனியைக் கிள்ளிடுங்க. நான் சொல்ற வரைக்கும் தண்ணி காட்டக் கூடாது."

"மேல வர்றதப் போயி கிள்ளறதா? ஓடற வண்டிய யாராவது நிறுத்துவாங்களா? விசில் அடிக்கக்கூட ஆளில்லையே" என்று மாமா நிலத்தின் நடுவில் நின்று புலம்பினார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

அப்போதுதான் அத்தை மெஷினை விட்டு எழுந்தார். கையில் துணி வெட்டுகிற பெரிய கத்தரி. வரிசைக்குள் நுழைந்தார். முதல் செடியை ஏற இறங்கப் பார்த்தார். அளவு மீறி வளர்ந்த எதையும் அவருக்குப் பார்த்துக்கொண்டிருக்க வராது.

"நீளமா வந்தா வெட்டணும்ங்க. இதுக்குப் போயி அழுவாங்களா? நகருங்க அந்தப் பக்கம்."

கறுக், கறுக் என்று நுனிகள் விழ ஆரம்பித்தன. மதியத்துக்குள் என் மனைவியையும் என்னையும் இறக்கிவிட்டுவிட்டார். எனக்குக் கத்தரி தரவில்லை, நகத்தால் கிள்ளச் சொன்னார். மறுநாள் என் கையிலிருந்து கண்ணாடி வாங்கியவர்கள் எல்லாரும், என்ன இது பச்சைக் கறை என்று கேட்டார்கள். எது எப்படியோ, ஒரு விஷயத்தை நான் கவனித்தேன். எந்த நிலத்தைவிட்டுப் போக வேண்டும் என்று அத்தை பெட்டி கட்டி வைத்திருந்தாரோ, அதே நிலத்தை வரிசை விடாமல் வெட்டிச் சீராக்கிவிட்டு, கடைசி வரப்பில் இடுப்பில் கை வைத்து நின்று, தைத்து முடித்த சட்டையைப் பார்ப்பதுபோல ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

செடி திகைத்து நின்றது, பிறகு வழிக்கு வந்தது. பக்கக் கிளையெல்லாம் மொட்டு. பூ வெளுத்தது, சிவந்தது. மாமா கை தட்டவில்லை, கண்டக்டர் இல்லாமல் அவருக்கு எதுவும் ருசிக்கவில்லை. மண் வெடிக்கத் தொடங்கியபோது ஆபீசர், "இன்னைக்குத் தண்ணி காட்டுங்க, தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா மோட்டார் பக்கத்தில் போய் நின்றார். சுவிட்சில் கையை வைத்தார். நின்றுகொண்டே இருந்தார்.

"போடுங்க மாமா" என்றேன்.

"எப்படிப் போடறது, மாப்பிள்ளை?"

"அழுத்தினா ஓடும்."

"அது தெரியும்" என்றார். கை மட்டும் நகரவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மனுஷன் இவ்வளவு பிடிவாதமாகவா இருப்பான்! நானே அழுத்திவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன், தட்டிவிட்டார். செடியெல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

அந்த நேரம் வயலின் மறுகோடியிலிருந்து ரெண்டு விசில் கேட்டது. கணீரென்று.

கண்டக்டர் வரப்பில் நின்றிருந்தார், பக்கத்தில் அத்தை. அத்தையே கண்டக்டர் வீட்டுக்குப் போய் விசிலை வாங்கி, வெந்நீரில் கொதிக்க வைத்து, உருண்டையை ஊசியால் நெம்பி விடுவித்து, ஆளையும் கையோடு அழைத்து வந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. "மிட்டாய் வலது பைக்கு, விசில் இடது பைக்கு, அண்ணே" என்று அவர் சட்டையில் புதிதாக ஒரு பையும் தைத்துக் கொடுத்திருந்தார். மாமா சுவிட்சை அழுத்தினார். அழுத்திவிட்டு, காரணமே இல்லாமல் என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் நாலு அறை வைத்தார். ஒரு விசில் வந்தபோது மோட்டார் டக்கென்று நின்றது. "டீ குடிக்கலாமா, கண்டக்டரே?" "வண்டி நின்னா டீ தானே, டிரைவரே" என்பதோடு சண்டை முடிந்துவிட்டது.

காய் வெடித்தது. நிலம் வெள்ளை வெளேரென்று ஆனது. மாமா சாலைக்குப் போய், பஸ் வரும் திசையிலிருந்து நடந்து வந்து, வளைவில் தன் பழைய இடத்திலிருந்து ஒருமுறை பார்த்தார். திரும்பிப் போய் மறுபடி நடந்து வந்து பார்த்தார். அன்று பூராவும் அதே வேலை.

பஞ்சு இன்னும் வீட்டுக்குள் வரவில்லையே. எல்லா நிலத்திலும் ஒரே நேரத்தில் வெடித்திருந்ததால் பறிக்க ஆள் கிடைக்கவில்லை. நாங்கள் ஐந்து பேரும் குனிந்து பறித்துக்கொண்டிருந்தோம். கால்வாசி முடிந்திருக்கும், மேற்கே வானம் கறுத்தது. நனைந்தால் பஞ்சு பழுத்துப்போகும், மண்ணோடு சேர்ந்தால் குப்பை. மாமா வானத்தைப் பார்த்தார், வாசலில் தெரிந்த பச்சைப் பெட்டியைப் பார்த்தார்.

சாலையில் 'டமார்' என்று ஒரு சத்தம். அவர்களுடைய பழைய ரூட் பஸ். வளைவில் டயர் வெடித்து, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஜனங்கள் ஒவ்வொருவராக இறங்கி மர நிழலில் ஒதுங்கினார்கள். புது டிரைவர் ஜாக்கியைத் தேடிக்கொண்டிருந்தான்.

கண்டக்டர் நிமிர்ந்தார். ஒரு பஸ் ஜனம் சும்மா நிற்கிறது! அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியாது. மடித்துக் கட்டிய வேட்டியோடு சாலைக்கு ஓடினார்.

"வாங்க, வாங்க! டயர் மாத்தற வரைக்கும் உள்ள வாங்க! பாத்தீங்களா, அதோ நம்ம பழைய டிரைவர். இந்த வளைவுல வண்டிய உருட்டுவாரே, அவரேதான். மழை வருது, ஒரு கை குடுங்க! வழியில நிக்காதீங்க, உள்ள தள்ளிப் போங்க, வரிசைக்கு நாலு பேரு, நடுவுல நிறைய எடம் இருக்கு!"

"அட, மாட்டு வண்டி டிரைவரா?" என்று ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். அவர் இறங்கியதும் ஒரு டீச்சர் இறங்கினார், ஒரு கல்யாண வீட்டுக் கும்பல் பட்டுத்துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கியது. எல்லாரும் வரிசையில் நின்றதும் கண்டக்டர் ரெண்டு விசில் அடித்தார். அவ்வளவுதான், நிலமே அதிர்ந்தது. பை, தலையணை உறை, குடை, புதுமாப்பிள்ளையின் தலைப்பாகைத் துணி என்று கையில் கிடைத்ததில் எல்லாம் பஞ்சு. "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று கண்டக்டர் பின்னாலிருந்து தள்ள, மாமா முன்னால் நின்று கையை நீட்டி வழி காட்ட, நான் இலைச்சருகு சேராமல் பார்த்துக்கொள்கிறேன் பேர்வழி என்று குறுக்கும் நெடுக்கும் ஓடினேன். ஒரு அம்மாள் என்னிடம் கண்ணாடி ஆர்டர்கூடக் கொடுத்தார்.

டயர் மாட்டி முடிந்ததும் புது டிரைவர் ஹாரன் அடித்தான். ஜனங்கள் பஞ்சு ஒட்டிய தலையோடு ஏறிக்கொண்டார்கள். வண்டி நகரவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது.

பறித்ததையெல்லாம் நாங்கள் வீட்டுக்குள் வாரி எறிந்தோம். கட்டிலுக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, மெஷினைச் சுற்றி, சமையலறை அலமாரியில், குளியலறையில்கூட. உள்ளே நடக்க இடமில்லை. கடைசியாக ஒரு மூட்டை வாசலிலேயே நின்றது, சாரல் அதை நோக்கி அடித்தது.

"இத எங்கடி வைக்கறது?" என்று மாமா தவித்தார்.

அத்தை நாலு பக்கமும் பார்த்தார். பிறகு பச்சைப் பெட்டியைப் படுக்கப் போட்டு, பூட்டைத் திறந்து, மடித்து வைத்திருந்த துணிகளை எல்லாம் அள்ளித் தையல் மெஷின் மேல் வீசினார். காலிப் பெட்டிக்குள் பஞ்சைத் திணித்து, முழங்காலால் அழுத்தி மூடினார். கூரையில் மழை கொட்டியது.

அப்போது போன் அடித்தது. மைத்துனன். மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, அறுவடை முடிஞ்சிருக்குமே? எப்ப கிளம்பறீங்க? வந்து கூட்டிட்டுப் போகட்டுமா?"

மாமா அத்தையைப் பார்த்தார். பஸ் ஓட்டிய காலத்தில் கண்ணாடியில் கண்டக்டரைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அத்தை கண்டக்டரிடம் கையை நீட்டினார். அவர் விசிலைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். அத்தை வாயில் வைத்து ஊதினார், ஒரே ஒரு விசில், நீளமாக.

"என்னப்பா சத்தம் அது?" என்றான் அவன்.

மாமா பஞ்சுக் குவியலில் தொப்பென்று உட்கார்ந்தார். மூக்கில் பஞ்சு, கண்ணில் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு.

"ஒரு விசில்டா" என்றார். "வண்டி நகராது."